நாள் கேட்ட கடிதங்கள்

கார்பன் தாளின் மணம் எப்படியிருக்கும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லி விளங்கவைப்பது கடினம். மெழுகும் மசியும் எண்ணெயும் பல வருஷம் ஒரே அறையில் குடியிருந்தாற்போன்ற மணம் அது. சென்ற மாதம், ரெங்கத்தில் என் பெரியப்பா வாழ்ந்து மறைந்த பழைய பலகை வீட்டைக் காலி செய்ய நேர்ந்தபோது, கட்டிலுக்கடியில் கிடந்த தகரப் பெட்டியைத் திறந்த மாத்திரத்தில் அந்த மணம் எழுந்து முகத்தில் படர, நான் கையிலிருந்த விளக்குமாற்றை ஓரமாக வைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டிக்குள் சணல் கயிற்றால் கட்டிய ஒரு கட்டு இருந்தது. எல்லாம் வெங்காயச் சருகுபோல் மெலிந்த தாள்கள்; தட்டச்சில் அடித்த கடிதங்களின் பிரதிகள். வெவ்வேறு மனிதர்களுக்காக, வெவ்வேறு வருஷங்களில் எழுதப்பட்டவையாயினும் அவற்றின் சாரம் ஒன்றே: இன்ன தேதியில் விசாரணைக்கு வைக்கப்பட்டிருக்கும் இன்ன வழக்கை இன்ன காரணத்தால் வேறொரு நாளுக்குத் தள்ளிவைத்தருள வேண்டுமென்று மாஜிஸ்திரேட் அவர்களை வேண்டிக்கொள்ளும் விண்ணப்பம். ஒவ்வொரு பிரதியின் இடப்பக்க ஓரத்திலும் நீலப் பென்சிலால் ஒன்றோ இரண்டோ தேதிகள் எழுதப்பட்டு, ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் ஒரு சரிக்குறி போடப்பட்டிருந்தது. கட்டின் மேலாக வைக்கப்பட்டிருந்த தாளில் மாத்திரம் தேதி இருந்தது, குறி இல்லை. அந்தத் தாள் யாருடையது என்பது எனக்குப் பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது.

ரெங்கம் பெரிய ஊரல்ல. கெமாசிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயில் பாதையில், குளுவாங்குக்குத் தெற்கே, ஒரு ஸ்டேஷனும் இரண்டு மூன்று கடைவரிசைகளும் சுற்றிலும் தோட்டங்களுமாக அமைந்த ஊர். மண் ஆராய்ச்சி செய்தவர்கள் இந்நாட்டு மண்வகைகளுக்குப் பெயர் சூட்டியபோது, கருங்கல் மக்கிப் பிறந்த ஒருவகை மண்ணுக்கு எங்கள் ஊரின் பெயரையே வைத்தார்கள். ரப்பருக்கும் செம்பனைக்கும் அது உகந்த மண். அந்த மண்ணை நம்பி வந்த ஜனங்களின் பிள்ளைகள் நாங்கள். என் பெரியப்பா அத்தகைய ஒரு தோட்டத்தில் முப்பது வருஷம் கிராணியாக இருந்தவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் விளக்கு வெளிச்சத்தில் ஆட்களை எண்ணி, வந்தவர்களுக்குச் செக்ரோல் புத்தகத்தில் நீலப் பென்சிலால் பேர் போடுவது அவருடைய தொழில். ஓய்வு பெற்றபின், ரயிலடிக்கு எதிரே ஒரு சீனர் மளிகைக் கடையின் முன்நடையான அஞ்சடியில் சிறிய மேஜை ஒன்றைப் போட்டுக்கொண்டு, பழைய தட்டச்சு யந்திரத்தோடு உட்கார்ந்தார். உடன் கொண்டுவந்த உடைமை அந்த நீலப் பென்சில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேஜையைச் சுற்றிக் கூட்டம் இருக்கும். ஊருக்குக் காகிதம் எழுதவேண்டியவர்கள், அடையாள அட்டைக்கு மனுப் போடுகிறவர்கள், 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதியில் தங்கள் கணக்கு எவ்வளவு என்று விசாரிக்கவேண்டியவர்கள், குடியுரிமைப் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே கையெழுத்திடுவதென்று தெரியாதவர்கள் எனப் பலரும் வருவார்கள். பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த நான் தாள் எடுத்துக் கொடுப்பதற்கும், கார்பனைத் தலைகீழாக வைத்துவிடாமல் பார்த்துக்கொள்வதற்கும், தேநீர் வாங்கிவருவதற்கும் அங்கே நிற்பேன். காகிதம் எழுதுகிறவர்கள் உரக்கப் பேசுவார்கள். சமன் வந்தவர்களோ கூட்டம் கலையும்வரை தூணோரம் நின்றுவிட்டுக் கடைசியில் வருவார்கள். மடித்து மடித்து வியர்வையில் நனைந்த அந்தக் காகிதத்தை, ஏதோ தகாத வஸ்துவைப்போல மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டடி பின்வாங்கி நிற்பார்கள்.

கோர்ட்டு என்றால் அவர்களுக்கு அவ்வளவு பயம். துரையின் பங்களாவுக்குள் எப்படி முன்வாசல் வழியாகப் போகமாட்டார்களோ, அப்படியே கோர்ட்டிடம் எதையும் கேட்கலாம் என்ற எண்ணமும் அவர்களுக்குத் தோன்றியதில்லை. கொடுத்த தேதியில் போகமுடியாதென்றால், “அந்த நாள் எனக்கு ஆகாது, வேறு நாள் கொடுங்கள்” என்று கேட்பது அதிகப்பிரசங்கம் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அந்த மௌனம் அவர்களுக்கு மரியாதையாகப் பட்டது. கோர்ட்டின் புத்தகத்திலோ அது வராமை என்று பதிவாயிற்று. உரிமை வழக்கில் வராதவன்மேல் எதிர்க்கட்சிக்குத் தீர்ப்பாகிவிடும். குற்ற வழக்கில் வராதவன்மேல் வாரண்டு பிறக்கும், ஜாமீன் நின்றவன் பணத்துக்குப் பதில் சொல்ல நேரும். குற்றம் செய்து தண்டனை அடைந்தவர்களைக் காட்டிலும், வாய் திறவாததனால் கெட்டுப்போனவர்களையே எங்கள் பக்கத்தில் நான் அதிகமாகப் பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைக்கையில் நெஞ்சு பொறுக்கவில்லை.

அந்த முதல் தாளின் கதைக்கு வருகிறேன். தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் லயத்துக்கு இரண்டு லயம் தள்ளி ஒரு வாலிபன் இருந்தான். தாயும் அவனுமாகவே குடும்பம். இருட்டில் விளக்கில்லாத சைக்கிளில் வந்து ஒரு கிழவர்மேல் மோதிவிட்டான், அவருக்குக் கால்முறிவு. வழக்காயிற்று. தாய்மாமன் ஜாமீன் நின்றார். விசாரணை நாளுக்கு இரண்டு நாள் முன்பு அவன் தாய் இறந்துபோனாள். விசாரணை நாளன்று காலையில் பால் தெளிப்பு. மொட்டையடித்த தலையோடு அவன் பெரியப்பாவிடம் ஓடிவந்தான். பெரியப்பா அப்போதுதான் அஞ்சடியில் உட்காரத் தொடங்கியிருந்த காலம். உடனே கடிதம் அடித்தார், தபாலில் போட்டார், “போய் அம்மா காரியத்தைப் பாருப்பா” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் கடிதம் உரிய வேளையில் மாஜிஸ்திரேட்டின் மேஜைக்குப் போய்ச் சேரவில்லை. வழக்கைக் கூப்பிட்டபோது வந்து நிற்க ஆளில்லை, வாரண்டு பிறந்தது. அடுத்த வாரம் வியாழக்கிழமை மத்தியானம், ஸ்டோரின் முன்னால் பால் நிறுவை நடந்துகொண்டிருந்தபோது, வாளியோடு வரிசையில் நின்றவனைப் போலீஸார் வந்து அழைத்துக்கொண்டு போனார்கள். ஜொகூரில் அந்நாளில் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. இடையில் அந்த ஒரு நாள் விழுந்தமையால், சனிக்கிழமை காலையில்தான் அவனைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். மொட்டைத் தலையையும் சாவுப் பத்திரத்தையும் பார்த்த மாஜிஸ்திரேட் வாரண்டை ரத்து செய்து, வேறு நாளும் கொடுத்து அனுப்பினார். கெடுதல் என்று சொல்ல வேறொன்றும் நிகழவில்லை. ஆனால் தாய்க்கு விளக்கேற்றி வைத்த வீட்டில் இரண்டு ராத்திரி அந்த விளக்குக்கு எண்ணெய் ஊற்ற மகன் இல்லை.

பெரியப்பா அந்த இரண்டு ராத்திரியும் தூங்கவில்லை. “நான்தானே அனுப்பினேன், நான்தானே போன்னு சொன்னேன்” என்று தம்மையே நொந்துகொண்டிருந்தார். பெரியம்மா எவ்வளவு சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. அதன்பின் அவர் ஒரு நியமம் வைத்துக்கொண்டார். கடிதம் போனாலும் கேட்டது கிடைத்ததாக ஆகாது. கோர்ட்டு சரியென்று சொல்லும்வரை பழைய தேதி பழைய தேதிதான். ஆகவே அன்றைக்கு யாராவது ஒருவர் நேரில் போய் நின்றே தீரவேண்டும். கட்சிக்காரன் படுத்த படுக்கையாயிருந்தால் அவன் தம்பி போகவேண்டும். யாரும் இல்லாவிட்டால் பெரியப்பாவே காலை வண்டியில் குளுவாங்குக்குப் போவார். போய்வந்த பின்பு பிரதியின் ஓரத்தில் அந்தத் தேதியை எழுதி, பெரட்டுக்களத்தில் பேர் போடுவதுபோலவே, நீலப் பென்சிலால் ஒரு குறி போடுவார்.

கட்டின் நடுவே ஒரு பிரதியை எடுத்தபோது என் கை நின்றுவிட்டது. அதன் கீழ்ப்பகுதியில் ‘கைந்நாட்டு’ என்று பெரியப்பா எழுதியிருந்தார்; பக்கத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. தையல் இயந்திர வழக்கு அது.

1968-ஆம் வருஷத்து வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட்டு எடுக்கவேண்டுமென்று ஏற்பட்ட காலத்தை, எங்கள் தலைமுறையினர் மறக்க இயலாது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள், அரை நூற்றாண்டு பால் வெட்டியவர்களும்கூட, மூட்டை கட்டிக்கொண்டு ‘ரஜூலா’க் கப்பலேறி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போய்ச் சேர்ந்தார்கள். எங்கள் தோட்டத்திலிருந்தும் ஒருவர் அப்படிப் போனார். அவர் மனைவி தவணைக்கு வாங்கிய தையல் இயந்திரத்தையும், அங்கே போய் அதைக்கொண்டாவது பிழைக்கலாமென்று, உடன் எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் தவணைக்கு ஜாமீன் கையெழுத்தென்று பெருவிரலை ஊன்றியவர் பக்கத்து வீட்டுக்காரர். நாங்கள் மாமா என்று அழைப்போம். வியாபாரிகள் முழுப் பாக்கியையும் கேட்டு மாமாமேல் வழக்குத் தொடுத்தார்கள். போனவர் பல தவணைகளைக் கட்டியிருந்தார் என்பது மாமாவுக்கு நிச்சயமாகத் தெரியும். ஒவ்வொரு மாதமும் இருவரும் சேர்ந்தே போய்க் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். ஆனால் ரசீதுகள் எல்லாம் கடல் கடந்து தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் இருந்தன.

“கிராணி ஐயா, எனக்கு வயித்து வலின்னு ஒரு சீட்டு வாங்கிட்டா தள்ளிப்போடுவாங்களாமே? டவுன்ல ஒருத்தர் காசு குடுத்தா எழுதித் தர்றாராம்” என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி.

பெரியப்பா தட்டச்சிலிருந்து கையை எடுத்தார். “உங்களுக்கு வயித்து வலியா?”

“இல்லைங்க.”

“அப்புறம் எதுக்கு இல்லாத வலியைக் கொண்டுபோய்க் கோர்ட்டுல வைக்கிறீங்க? உங்ககிட்ட உண்மையான காரணம் ஒண்ணு இருக்கே. ரசீது ஊருல இருக்கு, வந்து சேர நாளாகும். அதைச் சொன்னா என்ன?”

“அதைச் சொன்னா எடுத்துக்குவாங்களா?”

பெரியப்பா நேரே பதில் சொல்லவில்லை. எங்கள் மாரியம்மன் கோயிலில் திருவிழாக்களின்போது பெரிய புராணம் வாசித்துப் பொருள் சொல்வதும் அவரே. ஆகையால் சுந்தரமூர்த்தி நாயனாரின் கதையைத் தொடங்கினார். கல்யாணப் பந்தலில் கிழவேதியராக வந்த சிவபெருமான், நீ எனக்கு அடிமை என்று ஓலையைக் காட்டியதும், மாப்பிள்ளை கோபத்தில் அதைப் பிடுங்கிக் கிழித்ததும், வழக்கு திருவெண்ணெய்நல்லூர்ச் சபைக்குப் போனதும், அங்கே கிழவர், கிழிபட்டது படியோலைதான், மூல ஓலை என்னிடம் பத்திரமாக இருக்கிறது என்று சொல்லி எடுத்துக் காட்டியதும் மாமா பலமுறை கேட்ட கதைதான். “பரமசிவனே ஆனாலும் ஓலையைக் காட்டுன பிற்பாடுதான் சபை தீர்ப்பு சொல்லிச்சு. உங்க ஓலை ஊருல இருக்கு. அது வர்றவரைக்கும் பொறுங்கன்னு கேக்கிறதுல என்ன தப்பு?” என்றார். மாமாவின் முகம் தெளிந்தது. சட்ட நூல் எதுவும் அவருக்கு அவ்வளவு விளங்கவைத்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அந்தக் கடிதத்தைப் பெரியப்பா எழுதிய விதம் இன்னும் கண்முன் நிற்கிறது. முதல் வரியில் வழக்கின் எண். அதை ஒருமுறைக்கு மூன்றுமுறை சமனோடு ஒப்பிட்டுப் பார்த்தார், எண் ஒன்று பிசகினால் கடிதம் வேறொருவன் கட்டுக்குள் போய் உறங்கிவிடும் என்பதனால். அடுத்து வாதி பிரதிவாதி பெயர்கள், விசாரணைத் தேதி, எந்த மாஜிஸ்திரேட் கோர்ட்டு என்ற விவரம். பிறகு காரணம், தம் ஏழ்மையையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் மாமா சொல்லச் சொல்ல எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அவற்றில் ஒன்றையும் எழுதாமல், ரசீதுகள் இந்தியாவில் இருப்பதையும், அவற்றைக் கேட்டுப் பதிவுத் தபால் அனுப்பப்பட்டிருப்பதையும், அந்தத் தபாலின் அத்தாட்சிச் சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டிருப்பதையும் மாத்திரம் நான்கு வரிகளில் அடக்கினார். வேறொரு நாள் என்று வெறுமனே கேளாமல், ஆகாய மார்க்கத் தபால் போய்வரும் காலத்தைக் கணக்கிட்டு, வெள்ளிக்கிழமைகளை ஒதுக்கி, வியாழன் அரைநாளையும் ஒதுக்கி, மாமாவால் வர இயலும் தேதிகள் இரண்டைக் குறித்தார். கடிதத்தில் ஒரு பிரதி எதிர்க்கட்சி வக்கீலுக்குப் போகவேண்டுமென்று அதையும் ஓர் உறையில் இட்டார். அன்றே கேட்கவேண்டும் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பு. விசாரணைக்கு மூன்று வாரம் இருந்தது, “காரணம் தெரிஞ்ச அன்னிக்கே கேட்டாத்தான் அது கேள்வி. முதல் நாள் ராத்திரி கேட்டா, எதிராளி சாட்சியைக் கூட்டிக்கிட்டு வந்து நிப்பான், அவன் கூலிக்கு யார் பதில் சொல்றது?” என்றார்.

பதில் வரவில்லை. ஆகவே விசாரணை நாளன்று இருட்டோடு எழுந்து மாமாவும் பெரியப்பாவும் ரயிலேறினார்கள். பள்ளிக்கூடம் விடுமுறையாதலால் கைப்பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். மாமாவுக்கு அன்றைக்கு ஒரு நாள் பேர் போயிற்று. பனிமூட்டத்துக்குள் ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னோக்கி ஓடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தார். “இந்நேரம் நாலாவது வரிசையில இருந்திருப்பேன்” என்று ஒருமுறை சொன்னார். குளுவாங்கை நெருங்கும்போது குனோங் லம்பாக் மலை தெரிந்தது. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார்.

கோர்ட்டில் அந்நாளில் எல்லாம் ஆங்கிலந்தான். மலாய்மொழி கீழ்க்கோர்ட்டுகளில் படிப்படியாக ஏறி, 1990-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்தின் பின்னரே எல்லா நீதிமன்றங்களிலும் முதலிடம் கொண்டது. எங்களவர்களுக்கு இரண்டும் எட்டாத மொழிகளாகவே இருந்தன. நடுவே நின்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே எங்களுக்குக் கோர்ட்டின் குரல். வழக்கைக் கூப்பிட்டார்கள். மாமா எழுந்து நின்றார். எதிர்க்கட்சி வக்கீல், மூன்று வாரம் முன்பே தமக்குப் பிரதி வந்துவிட்டதென்றும், அதனால் அன்றைக்குச் சாட்சிகளைக் கூட்டிவரவில்லையென்றும், தள்ளிவைப்பதில் ஆட்சேபம் இல்லையென்றும் சொன்னார். மாஜிஸ்திரேட் கடிதத்தைப் படித்தார், அத்தாட்சிச் சீட்டைத் திருப்பிப் பார்த்தார், ஏதோ கேட்டார்.

“ரசீது வர எவ்வளவு நாளாகும்னு துவான் கேக்கிறாரு” என்றார் மொழிபெயர்ப்பாளர்.

மாமா பெரியப்பாவைத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா அசையவில்லை, பதில் அவருடைய வாயிலிருந்தே வரவேண்டுமென்று விரும்பினார்போலும்.

“ரெண்டு மாசம் குடுங்க துவான். வந்துடும். வரலன்னாலும் நான் வந்துடுவேன்” என்றார் மாமா.

மொழிபெயர்ப்பாளர் கடைசி வார்த்தைகளையும் விடாமல் சொன்னார் என்றே நம்புகிறேன். ஏனெனில் மாஜிஸ்திரேட் தலையை நிமிர்த்தி மாமாவை ஒருகணம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். கடிதத்தில் குறித்த இரண்டு தேதிகளில் பிந்தியதே கிடைத்தது.

திரும்பும் வண்டிக்கு நேரம் இருந்தது. குளுவாங் ஸ்டேஷனில் 1938-ஆம் வருஷம் முதல் நடந்துவந்த காப்பிக்கடையில் எங்களை உட்காரவைத்துப் பெரியப்பா காப்பியும், கரியடுப்பில் வாட்டிய ரொட்டியும் வாங்கிக்கொடுத்தார். மாமா கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் பேசவில்லை. பின்பு, “தவணை கட்டலன்னு கேஸு. கேஸுக்கும் ஒரு தவணை குடுத்துட்டாங்க” என்றார். பெரியப்பா, நம் ஊர்ப் பக்கம் கோர்ட்டுகளில் இதை வாய்தா என்பார்கள், அது அரபு தேசத்திலிருந்து உருது வழியாக வந்த சொல், மூலத்தில் வாக்குக் கொடுப்பது என்று அர்த்தம் என்று விளக்கினார். மாமா அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. “கிராணி ஐயா, நான் வாய் தொறந்து ஒண்ணு கேட்டு, ஒரு பெரிய மனுசன் சரின்னு சொன்னது இந்த நாட்டுல இதுதான் முதல் தடவை” என்றார்.

ஆறாவது வாரம் பதிவுத் தபால் வந்தது. திருநீறு மடித்த பொட்டலம் ஒன்றும், மஞ்சள் தடவிய கடிதமும், நூலால் கோத்த ரசீதுகளும் உள்ளே இருந்தன. ஒரு ரசீதுகூடக் குறையவில்லை. குறித்த தேதியில் அவற்றைக் கோர்ட்டில் வைத்தபோது வியாபாரிகளின் வக்கீலே கணக்கைத் திருத்திக்கொண்டார். எஞ்சிய தொகையை மாமா மாதாமாதம் கட்டித் தீர்ப்பதென்று இருதரப்பும் சம்மதித்து வழக்கு முடிந்தது. பிரதியின் ஓரத்தில் இரண்டு தேதிகள். இரண்டு நீலக் குறிகள்.

என் பேத்தி ஜொகூர் பாருவில் வக்கீலாக இருக்கிறாள். கட்டை அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஒவ்வொரு தாளாகப் புரட்டியவள், “தாத்தா, நாங்க இன்னிக்கு எழுதறதும் இதேதான்” என்று சொல்லி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 259-ஆம் பிரிவையும், 2012-ஆம் வருஷத்து நீதிமன்ற விதிகளில் 35-ஆவது கட்டளையையும் எடுத்துக் காட்டினாள். சாட்சி வராமை போன்ற தகுந்த காரணம் இருந்தால் தள்ளிவைக்கலாம் என்கிறது முன்னது. நீதிக்கு உகந்ததென்று தோன்றினால், வேண்டிய நிபந்தனைகளோடு தள்ளிவைக்கலாம் என்கிறது பின்னது. மருத்துவச் சீட்டைப் பற்றிக் கேட்டேன். வேலைக்குப் போக இயலாதென்று பொதுவாக எழுதிய எம்.சி.யை இப்போது பல நீதிபதிகள் லட்சியம் செய்வதில்லையாம். கோர்ட்டுக்கு வர இயலாத நிலை என்று மருத்துவர் தெளிவாக எழுதினால்தான் பெறுமானமாம். துன் ஸக்கி அஸ்மி தலைமை நீதிபதியாக இருந்த 2008 முதல் 2011 வரையான காலத்தில், தேங்கிக் கிடந்த வழக்குகளைத் தீர்க்க முனைந்ததிலிருந்து, நாள் கேட்பவர்களிடம் நீதிமன்றங்கள் கண்டிப்பாகவே இருக்கின்றன என்றும் சொன்னாள். இந்தியாவிலும் உரிமை வழக்கு விசாரணையில் ஒரு கட்சிக்கு மூன்று வாய்தாவுக்குமேல் இல்லையென்று சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். அங்கே வாய்தா வாங்கியே எதிராளியைச் சாகடித்த பணக்காரர்களின் கதைகளைக் கேட்கும்போது அந்தக் கண்டிப்பின் நியாயம் விளங்குகிறது.

ஆயினும் அவசரத்தையும் நாங்கள் அறிவோம். தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதியை 1949-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் கைது செய்து, துப்பாக்கி வைத்திருந்ததாக விசாரித்து, மே மாதம் 4-ஆம் தேதி பூடு சிறையில் தூக்கிலிட்டுவிட்டார்கள். எல்லாம் ஏறக்குறைய இரண்டே மாதங்களில். அந்தச் செய்தியை அந்நாளில் பத்திரிகையில் படித்ததைப் பெரியப்பா வீட்டுக்குள்கூட மெல்லிய குரலில்தான் சொல்லுவார். சொல்லி முடித்தபின் சற்று நேரம் ஒன்றும் பேசமாட்டார்.

எனக்கும் ஒருமுறை நாள் கேட்க நேர்ந்தது. 2006-ஆம் வருஷக் கடைசியில் ஜொகூரெங்கும் வெள்ளம் சூழ்ந்தபோது, ஒரு விபத்து வழக்கில் நான் சாட்சி. பாதையெல்லாம் தண்ணீர். தொலைபேசியில் பதிவகத்துக்குச் சொன்னேன், கடிதத்தையும் பேக்ஸில் அனுப்பினேன். அப்படியும் மனம் கேளாமல், தண்ணீர் வடிந்த முதல் நாளே குளுவாங்குக்குப் போய்க் கவுண்டரில் நின்றேன். அங்கிருந்த பெண், கடிதம் வந்துவிட்டதே, நீங்கள் ஏன் சிரமப்பட்டு வந்தீர்கள் என்று பரிவோடு கேட்டாள். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. 2020-இல் கொள்ளைநோய் வந்தபின் நீதிபதிகள் கணினித் திரையிலேயே கட்சிக்காரர்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். தேதி மாற்றமும் பெரும்பாலும் திரைவழியே முடிந்துவிடுகிறது என்கிறாள் பேத்தி. ஒரு நாள் கூலி போகாமல் ஏழைக்கு வேலை முடியுமானால் அதைவிட நல்லது எது? மாமா இருந்திருந்தால் நாலாவது வரிசையை முடித்துவிட்டே பதில் சொல்லியிருப்பார்.

ரெங்கத்தில் இப்போது அந்த வரிசைகள் இல்லை, செம்பனைதான். மின்சார ரயிலுக்காக இரட்டைத் தண்டவாளம் போட்டு, ஸ்டேஷனும் புதிய கோலம் கொண்டுவிட்டது. அஞ்சடி மாத்திரம் இருக்கிறது. பெரியப்பாவின் மேஜைக்கால்கள் தேய்த்த நான்கு தடங்கள் சிமெண்டில் இன்னும் தெரிவதாக எனக்குத் தோன்றுகிறது.

கட்டை மறுபடி கட்டுவதற்குமுன், பேத்தி மேல்தாளை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். “தாத்தா, இதுக்கு மட்டும் ஏன் குறி போடல?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் அந்தத் தாளைச் சற்றுச் சாய்த்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினாள். தேதிக்குப் பக்கத்தில் நீலமாக ஒரு புள்ளி இருந்தது, பென்சிலை ஊன்றிய இடம். அதற்குமேல் கோடு ஓடவில்லை.